இறால் கடைசியில் வரட்டும்: சிறிய செடித் தொட்டியில் செர்ரி இறால் வளர்க்கத் தொடங்கும் முறை

இறால் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவந்துவிடுகிறார்கள். காலையில் கண்ணாடித் தொட்டி, மதியம் மணலும் செடியும், மாலையில் பாலித்தீன் பையில் 20 இறால். இரண்டு நாள் எல்லாம் சுறுசுறுப்பாக மேய்கின்றன. மூன்றாம் நாள் ஒன்று வெளிறிய சிவப்பாகிப் பக்கவாட்டில் கிடக்கிறது. பத்தாம் நாள் தொட்டியில் செடி மட்டும் மிஞ்சுகிறது.

இந்தத் துயரத்தை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். என் முதல் தொட்டியும் இப்படித்தான் போனது. இறால் நோயுள்ளதாக வந்திருந்தால்கூட அது அரிதான காரணம்தான். வேலைகளின் வரிசை தவறுவதுதான் வழக்கமான காரணம். முதலில் தண்ணீர், அடுத்து செடி, அடுத்து கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், எல்லாம் நிலைபெற்ற பிறகு இறால். இந்த வரிசைக்கு ஐந்து முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதைக் குறுக்கும் வழி எதையும் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை.

சென்னை அடுக்குமாடி வீட்டில் 40 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊர் மாறினால் தண்ணீரும் வெயிலும் மாறும், வரிசை மாறாது.

1. எந்த இறால், எந்த மாதம்

முதல் தொட்டிக்குச் செர்ரி இறால் போதும். நியோகாரிடினா டேவிடி என்பது அதன் அறிவியல் பெயர். சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று கடையில் தனித்தனித் தொட்டிகளில் இருப்பவை அனேகமாக இந்த ஒரே இனத்தின் நிற வகைகள்தாம். வளர்ந்தால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருக்கும். ஓரளவு கடினமான நீரையும் தாங்கும், நன்னீரிலேயே குஞ்சு பொரிக்கும்.

ஒரே ஒரு நிறத்தை மட்டும் வாங்குங்கள். பல நிறங்களைச் சேர்த்து விட்டால் அவை தமக்குள் கலந்து, சில தலைமுறையில் காட்டு இறாலின் பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிடும். அழகான நிறங்களைக் கலந்து வைக்க ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை இரண்டாவது தொட்டி வரை தள்ளிவையுங்கள்.

குளத்திலோ ஏரியிலோ பிடித்த இறாலை இதில் விட வேண்டாம். அவற்றில் இடுக்கி நீண்டவை சிறிய இறாலைப் பிடித்துத் தின்னும். அமானோ இறால் பாசியை நன்றாக மேயும் என்றாலும் அதன் குஞ்சுகள் உப்பு கலந்த நீரில்தான் பிழைக்கும். தொட்டியில் குஞ்சு பெருக வேண்டும் என்று எண்ணுபவருக்கு அது ஏற்றதல்ல.

மாதத்தைப் பொறுத்தவரை என் விருப்பம் ஐப்பசி. அப்போது தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் மார்கழியில் இறால் விடலாம். தையிலும் மாசியிலும் அவை நிலைத்து முட்டை சுமந்துவிடும். கத்திரி வெயில் வரும்போது அந்தத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை ஒன்று தயாராக இருக்கும். சித்திரையில் தொடங்கினால் வெயிலோடு போராடுவதிலேயே முதல் அனுபவம் கழிந்துவிடும்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி. ஏர் பம்ப், அதற்கான குழாய், தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் சிறு வால்வு, ஸ்பாஞ்ச் ஃபில்டர். எல்இடி விளக்கு, நேரத்துக்கு அணைக்கும் டைமர், வெப்பமானி. இவற்றை யாரும் மறப்பதில்லை.

மறப்பது சோதனைப் பொருட்களை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (நீரின் அமில, காரத் தன்மை), ஜிஎச், கேஎச் (நீரின் கடினத்தன்மையைக் காட்டும் இரு அளவுகள்) ஆகியவற்றைப் பார்க்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியும், நீரில் கரைந்தவற்றின் மொத்த அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டரும் வேண்டும். தொட்டியின் விலையைவிடச் சோதனைப் பெட்டியின் விலை கூடுதலாக இருக்கலாம். அதற்காக அதை விட்டுவிட்டால், தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதை இறால் செத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டை மலிவு. ஆனால் பல பட்டைகளில் அம்மோனியா சோதனையே இருப்பதில்லை.

மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5 லிட்டர் கிண்ணத் தொட்டி அழகாக இருக்கும், இடமும் அடைக்காது. ஆனால் அழுகிய உணவுத் துணுக்கு ஒன்று 40 லிட்டரில் செய்யும் கெடுதலைப் போல அதில் எட்டு மடங்கு செய்யும். தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும். தொடங்குபவருக்குப் பெரிய தொட்டிதான் எளிது.

3. இடமும் கசிவுச் சோதனையும்

நேர் வெயில் படாத சுவரோரம், சமையலறைக்கும் வாசலுக்கும் தள்ளி. தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 50 கிலோவைத் தாண்டும். ஆடாத மேசை வேண்டும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் தகடு ஒன்றைப் போட்டால் மேசையின் மேடுபள்ளம் கண்ணாடியை அழுத்தாது.

புதுத் தொட்டியைச் சோப்பில்லாமல் கழுவி, தரையில் வைத்து நிரப்பி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். ஓரத்தில் கசிந்தால் அப்போதே தெரிந்துவிடும். மணலும் செடியும் வைத்த பிறகு கசிவைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும்.

4. தண்ணீர்: பாதி வேலை இதுதான்

“எங்கள் வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ் இவ்வளவு, இறால் விடலாமா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்துப் பதில் சொல்ல முடியாது. நீரில் கரைந்துள்ள எல்லாவற்றின் மொத்த அளவுதான் டிடிஎஸ். அதில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு சமையல் உப்பு என்பதை அது சொல்லாது.

இறாலுக்கு ஓடு கட்டக் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். அவற்றின் அளவைக் காட்டுவது ஜிஎச் என்ற மொத்தக் கடினத்தன்மை. பிஎச் திடீரென்று சரியாமல் தாங்கிப் பிடிப்பது கேஎச் என்ற கார்பனேட் கடினத்தன்மை. செர்ரி இறாலுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகள் இவை: ஜிஎச் 6 முதல் 10 டிகிரி, கேஎச் 2 முதல் 6 டிகிரி, பிஎச் 6.8 முதல் 7.8, டிடிஎஸ் 150 முதல் 300 வரை.

குடியிருப்பில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இருந்தால் கேட்டு வாங்குங்கள். மொத்தக் கடினத்தன்மை அதில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். 17.9 ஆல் வகுத்தால் டிகிரி கிடைக்கும். 430 என்று இருந்தால் 24 டிகிரி.

ஆழ்துளைக் கிணற்று நீரின் ஜிஎச் 24, டிடிஎஸ் 700, வீட்டு ஆர்ஓ நீரின் டிடிஎஸ் 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு கிணற்று நீரோடு இரண்டு பங்கு ஆர்ஓ நீர் கலந்தால் ஜிஎச் 8 டிகிரியைத் தொடும், டிடிஎஸ் 260 ஆகும். அளவு கச்சிதம். கலந்த விகிதத்தைக் குறித்துவைத்து ஒவ்வொரு முறையும் அதையே பின்பற்றுங்கள். கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போது உப்பு கூடும். ஆகவே மாதம் ஒரு முறை மறுபடி அளந்து பாருங்கள்.

கடலோரப் பகுதியில் டிடிஎஸ் 1,200 காட்டியும் ஜிஎச் குறைவாக இருந்தால், அந்தத் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் சமையல் உப்பு. அதைக் கலக்கவே வேண்டாம். ஆர்ஓ நீரில் இறாலுக்கென்று விற்கும் தாது உப்புத் தூளைக் கரைத்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கும் இந்தத் தூள் உதவும். அந்தத் தண்ணீரில் தாது குறைவு.

இன்னொரு பொறி, அடுக்குமாடிகளில் பொருத்தியிருக்கும் நீர் மென்மையாக்கும் கருவி. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். டிடிஎஸ் மீட்டரில் பெரிய மாற்றம் தெரியாது, ஆனால் இறாலுக்கு வேண்டியது போய்விட்டிருக்கும். காவலாளியையோ பராமரிப்பாளரையோ கேட்டு, கருவிக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள்.

ஆர்ஓ கருவியிலும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். தண்ணீரில் செம்பு சேர்க்கும் வசதி உள்ள கருவிகள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. நமக்குக் கேடு செய்யாத செம்பின் அளவுகூட இறாலைக் கொல்லும். அப்படிப்பட்ட கருவியின் நீரையோ, செம்புக் குடத்தில் பிடித்து வைத்த நீரையோ தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

குடிநீர் வாரியக் குழாயிலும் லாரியிலும் வரும் நீரில் குளோரின் இருக்கும். அகன்ற வாளியில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைச் சொட்டினால் உடனே நீங்கும். இரண்டில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்.

5. மணல், கட்டை, ஃபில்டர்

இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள சாதாரணக் கூழாங்கல் மணல் போதும். கழுவும் நீர் தெளியும் வரை அலசி, இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். கழுவும் முன் ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, நீரின் கடினத்தை நாளும் ஏற்றிக்கொண்டே இருக்கும். கடற்கரை மணலைத் தொட வேண்டாம்.

செடிகளுக்கென்று விற்கும் கறுப்பு உருண்டை மண்ணை முதல் தொட்டிக்கு நான் சொல்வதில்லை. அது தொடக்கத்தில் அம்மோனியாவை விடும், கேஎச்சை உறிஞ்சி பிஎச்சைத் தாழ்த்தும். மென்மையான நீர் கேட்கும் வேறு இன இறாலுக்கு அது பொருந்தும்.

மரக்கட்டை வைப்பதாக இருந்தால் கொதிக்க வைத்துப் பிறகு ஊறவையுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாவது கட்டையின் சாறு, கெடுதல் இல்லை.

ஃபில்டரில் ஸ்பாஞ்ச் வகையையே சொல்கிறேன். மோட்டார் ஃபில்டரின் வாய் இரண்டு மில்லிமீட்டர் குஞ்சுகளை இழுத்துவிடும். ஸ்பாஞ்சின் மேல் அதே குஞ்சுகள் ஏறி மேயும்.

6. செடிகள்

ஜாவா பாசி, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கப்பி புல். இந்த நான்கும் சாதாரண விளக்கில், கரியமில வாயு உருளை இல்லாமல், தனி உரம் இல்லாமல் வளரும். ஜாவா பாசியை மட்டும் தாராளமாக வாங்குங்கள். குஞ்சுகள் ஒளிவதும் மேய்வதும் அதில்தான்.

அனுபியாஸையும் ஃபெர்னையும் மணலில் புதைக்காதீர்கள். அவற்றின் கிடைமட்டத் தண்டு மண்ணுக்குள் போனால் அழுகும். பருத்தி நூலால் கல்லிலோ கட்டையிலோ கட்டிவையுங்கள். வேர் தானாகப் பற்றிக்கொள்ளும்.

வாங்கிய செடியை நேரே தொட்டியில் வைக்க வேண்டாம். நாற்றங்காலில் அடித்த பூச்சிமருந்து இலையில் ஒட்டியிருக்கலாம். வாளித் தண்ணீரில் இரண்டு வாரம் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள். முதல் நாளிலேயே செடி வாங்கிவிட்டால், தொட்டி நிலைபெறும் காலத்திற்குள் இந்த இரண்டு வாரமும் அடங்கிவிடும். குளத்துச் செடிகளில் தும்பியின் இளவுயிரிகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றே ஒன்று வந்தாலும் இரவோடு இரவாக இறாலை வேட்டையாடும்.

விளக்கு நாளுக்கு ஆறு மணி நேரம். கண்ணாடியில் பச்சைப் பாசி அதிகம் படர்ந்தால் ஐந்தாகக் குறையுங்கள்.

7. ஐந்து வாரக் காத்திருப்பு

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், செடி துளிர்விட்டிருக்கும், தொட்டி காலியாக இருக்கும். ஏறக்குறைய எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

எந்த உயிரின் கழிவும் அம்மோனியாவாக மாறும். அது நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சு. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது சிறிய அளவில் கெடுதல் செய்யாது, செடியும் அதை உண்ணும். இந்த இரு வகைகளும் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாள் வேண்டும். பிஎச்சும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மை ஏறும். சென்னைத் தண்ணீரில், சென்னை வெயிலில், இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை மீன் உணவில் ஒரு சிட்டிகை போடுங்கள். அது அழுகி அம்மோனியாவைத் தரும். மூன்று நாளுக்கு ஒரு முறை சோதித்து நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். இரண்டாம், மூன்றாம் வாரம் அது இறங்க, நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தென்படும். செடி நிறைய இருந்தால் அம்மோனியாவை அதுவே குடித்துவிடும், எண்கள் பெரிதாக ஏறாமல் போகலாம். அதை வைத்துத் தொட்டி தயாராகிவிட்டதென்று எண்ண வேண்டாம்.

வழக்கமான சிட்டிகை உணவைத் தொடர்ந்து போட்டும் ஒரு வாரம் முழுக்க அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) என்று இருந்தால் சோதனை தேறிவிட்டது. அதன் பிறகும் ஒரு வாரம் பொறுங்கள் என்பேன். கல்லையோ கட்டையையோ விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று மெல்லிய படலம் ஒட்டும். கண்ணாடியின் பின்பக்கம் பச்சை தட்டியிருக்கும். அந்தப் படலம்தான் இறாலின் அன்றாடச் சோறு, குறிப்பாகக் குஞ்சுகளுக்கு. பளபளவென்று துடைத்த தொட்டியில் அவை பட்டினி கிடக்கும்.

நெடுநாள் நன்றாக ஓடும் இறால் தொட்டி தெரிந்தவரிடம் இருந்தால், அவருடைய ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்கு நீரை ஒரு குவளை வாங்கி ஊற்றுங்கள். பாக்டீரியா சீக்கிரம் பெருகும். அதற்காகக் காத்திருப்பைக் குறைக்க வேண்டாம். இறால் விடுவதற்கு முந்தைய நாள் பாதித் தண்ணீரை, அதே விகிதத்தில் கலந்த புது நீரால் மாற்றுங்கள்.

8. கடையில் பார்க்க வேண்டியவை

சென்னையில் கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் செர்ரி இறால் கிடைக்கும். கடைக்குப் போனதும் உடனே வாங்காமல் பத்து நிமிடம் தொட்டி முன் நில்லுங்கள். நலமான இறால் சும்மா இருக்காது. முன்கால்களின் நுனியில் உள்ள குட்டி இடுக்கிகளால் கல்லை மாற்றி மாற்றிக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டே இருக்கும், இரண்டு கையாலும் அவசரமாக அவல் அள்ளித் தின்பதுபோல. மூலையில் ஒடுங்கி அசையாமல் நிற்பவை உள்ள தொட்டியிலிருந்து எதுவும் வாங்க வேண்டாம்.

எப்போது சரக்கு வந்தது என்று கேளுங்கள். அன்று வந்தவை பயணக் களைப்பில் இருக்கும். ஒரு வாரம் கடையில் தங்கியவை மேல். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இளையவற்றைக் கேட்டு வாங்குங்கள். புது நீருக்கு அவை எளிதில் பழகும். பெரியவை ஒன்று முதல் இரண்டு ஆண்டு ஆயுளில் பாதியைக் கடந்திருக்கலாம். 10 முதல் 15 வாங்கினால் ஆணும் பெண்ணும் கலந்து வரும்.

மீன் வேண்டாம். கப்பிகூடக் குஞ்சு இறாலைத் தின்னும்.

9. சொட்டுச் சொட்டாகப் பழக்குதல்

பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு அப்படியே அவிழ்த்து ஊற்றும் வழக்கம் மீனுக்கு ஒருவேளை ஒத்துவரும். வெப்பம் மட்டும்தான் அதில் சமமாகும். நீரின் தாது அளவு திடீரென்று மாறினால் இறால் காலம் தவறி ஓடு உரிக்க முயன்று அதிலேயே சாகும்.

விளக்கை அணையுங்கள். பையிலுள்ள நீரோடு இறாலை ஒரு சுத்தமான டப்பாவில் விட்டுத் தொட்டிக்குக் கீழே வையுங்கள். ஏர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் நிறுத்தி, மறுமுனையை வாயால் ஒரு முறை இழுத்து நீர் வரவழையுங்கள். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கி, நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி செய்யுங்கள். டப்பாவின் நீர் மூன்று மடங்காகும் வரை விடுங்கள். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். டிடிஎஸ் மீட்டரில் இரண்டும் ஏறக்குறைய சமமானதும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். டப்பா நீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள், கடை நீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

10. முதல் பத்து நாள்

விட்ட இறால் எல்லாம் ஒளிந்துகொள்ளும். தேடிக்கொண்டு கல்லைப் புரட்டாதீர்கள். ஓரிரண்டு இறப்பது எல்லோருக்கும் நேர்வதுதான். நாள்தோறும் ஒன்று போனால் அன்றே அம்மோனியா, நைட்ரைட் சோதியுங்கள்.

இந்த நாட்களில் பதறிக்கொண்டு வரும் கேள்விகள் இரண்டு. ஒன்று, “வெள்ளையாக ஒன்று செத்துக் கிடக்கிறது.” அருகில் பாருங்கள். கண்ணாடித்தாள் போல உள்ளே எதுவுமின்றி, கால்களும் மீசையும் அப்படியே இருந்தால் அது உரித்துப் போட்ட ஓடு. எடுக்க வேண்டாம், அதிலுள்ள கால்சியத்துக்காக அவையே தின்றுவிடும். செத்த இறால் உள்ளே சதையோடு, ஒளி புகாமல், வெந்ததுபோல இருக்கும். அதை உடனே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, “எல்லாம் வெறி பிடித்ததுபோல நீந்துகின்றன.” விட்ட மறுநாளே எல்லாமும் அப்படி நீந்தினால் தண்ணீரில் கோளாறு. சில வாரம் கழித்து ஒரு மாலையில் சிறியவை மட்டும் சுற்றிச் சுற்றி நீந்தினால் மகிழ்ச்சியான செய்தி. பெண் இறால் ஓடு உரித்ததும் அதன் வாசனையைத் தேடி ஆண்கள் அப்படித்தான் அலையும்.

தலைக்கும் உடலுக்கும் இடையே ஓடு பிளந்து வெள்ளை வளையம் தெரிந்தால் அந்த இறால் ஓடு உரிப்பதில் சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் பிழைக்காது. ஜிஎச் குறைவா, நீர் மாற்றம் அதிகமா என்று பாருங்கள்.

11. உணவு

பட்டினியால் செத்த தொட்டிகளைவிட உணவு மிகுந்து கெட்ட தொட்டிகளே அதிகம். 15 இறாலுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை, மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு மிளகளவு போதும். மூன்று மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் வளர்ந்த கீரை இலை, பூசணித் துண்டு ஆகியவற்றை ஒரு கொதி வேகவைத்துத் தரலாம். சந்தைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கும் வாய்ப்பு அதிகம், நான் தருவதில்லை. காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவி எப்போதும் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அது மெல்ல மட்கும்போது அதன்மேல் படரும் படலத்தை நரம்பு மட்டும் மிஞ்சும் வரை மேய்ந்துவிடுகின்றன.

12. வாராந்தர வேலையும் கோடையும்

வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். புது நீரின் டிடிஎஸ், வெப்பம் இரண்டும் தொட்டி நீரோடு ஒத்திருக்க வேண்டும். அதையும் குழாயால் மெல்ல விடுங்கள். பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றிச் சுத்தம் செய்த மறுநாள்தான் பல வீடுகளில் சாவு தொடங்குகிறது.

ஆவியாகிக் குறைந்ததை ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மறுபடி கலப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறை, வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே பிழிந்து கழுவுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின், ஐந்து வாரம் வளர்த்த பாக்டீரியாவை ஐந்து நிமிடத்தில் கொன்றுவிடும்.

22 முதல் 27 டிகிரி வரை இறாலுக்கு இதம். 30 டிகிரியைத் தாண்டும்போது நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், அவற்றின் தேவையோ கூடும். சித்திரை வருமுன் மூடியை எடுத்துவிட்டு, நீரின் மேற்பரப்பில் சாய்வாகக் காற்று படும்படி சிறு விசிறி பொருத்துங்கள். இரண்டு முதல் நான்கு டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அவ்வளவு இறங்காது, அப்போது ஏர் பம்பைச் சற்றுக் கூட்டுங்கள். பனிக்கட்டியைப் போடாதீர்கள். திடீர் குளிர், வெப்பத்தைவிட மோசம்.

13. கொசு மருந்து

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. என் இரண்டாவது தொட்டியில் 60க்கு மேல் இறால் இருந்தன. கார்த்திகை மாதம், தெருவில் கொசுப் புகை அடித்துக்கொண்டு போனார்கள். ஜன்னல் திறந்திருந்தது, ஏர் பம்ப் ஜன்னல் திட்டில் இருந்தது. மறுநாள் காலையில் அடிமணல் முழுக்கச் சிவந்து கிடந்தது. ஒன்றிரண்டு மட்டும் மல்லாந்து கால்களை உதறிக்கொண்டிருந்தன. பம்ப் அந்தக் காற்றை இரவெல்லாம் தண்ணீருக்குள் செலுத்தியிருக்கிறது.

கொசுவத்தி, மின்செருகியில் மாட்டும் திரவம், கரப்பான் தெளிப்பான் ஆகியவற்றில் பைரித்ராய்டு வகை மருந்துகள் இருக்கின்றன. மனிதருக்கும் நாய்க்கும் பெரிதாகத் தெரியாத அளவே இறாலுக்கும் நண்டுக்கும் கொடிய நஞ்சு. தொட்டி உள்ள அறையில் கொசுவலை கட்டுங்கள். புகை வண்டியின் சத்தம் கேட்டதும் ஜன்னலை அடைத்து, பம்பை நிறுத்தி, ஈரத் துணியால் தொட்டியை மூடுங்கள். காற்று தெளிந்ததும் மறக்காமல் பம்பை ஓடவிடுங்கள். கொசுக் களிம்போ சோப்போ பட்ட கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில்தான் யாராவது கரப்பானுக்கு மருந்தடிப்பார்கள்.

மீன் நோய்க்கும் நத்தைக்கும் விற்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. தொட்டியில் எதையும் ஊற்றுமுன் புட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

14. முட்டையும் குஞ்சும்

பெண் இறால் சற்றுப் பெரிதாக, அடர்ந்த நிறத்தில் இருக்கும். அதன் பிடரியில் சேணம் போட்டதுபோல மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தால் கருமுட்டை முற்றுகிறது. ஓடு உரித்து இணைசேர்ந்த பின் 20, 30 முட்டைகளை வயிற்றடியில் நீந்துகால்களுக்கிடையே சுமந்துகொண்டு ஓயாமல் விசிறிக்கொண்டிருக்கும். மூன்று முதல் நான்கு வாரத்தில் பொரியும். தாயைப் பிரித்துத் தனித் தொட்டியில் விட வேண்டாம், அந்த அலைச்சலில் முட்டைகளை உதிர்த்துவிடும்.

குஞ்சுகளைப் பார்க்க இரவில் கைவிளக்கு அடியுங்கள். ஜாவா பாசியின் இழைகளில் கமா அளவுக்கு, கண்ணாடி போன்ற உடலோடு, தாயைப் போலவே கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருக்கும். அவற்றுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். பாசியைக் கத்தரிக்காதீர்கள், கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் துடையுங்கள், நீர் எடுக்கும் குழாயின் வாயில் ஒரு துணியைக் கட்டுங்கள்.

ஆறேழு மாதத்தில் எண்ணிக்கை நூறைத் தொடலாம். நைட்ரேட் ஏறத் தொடங்கினால் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. கேட்பவரிடம் இறாலை உடனே கொடுக்காதீர்கள். முதலில் ஒரு கைப்பிடி ஜாவா பாசியும் ஸ்பாஞ்ச் பிழிந்த நீர் ஒரு புட்டியும் கொடுத்து அனுப்புங்கள். ஐந்து வாரம் கழித்து அவர் எழுதிய சோதனை நோட்டைக் கொண்டுவரட்டும், பத்து இளைய இறாலை எண்ணிக் கொடுங்கள்.